மழைக்கு அப்புறம் கடற்புல் கருகினால்

கேள்வி: தடா பக்கம் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அடியில் இருக்கும் கடற்புல் பழுப்பேறிக் கரை ஒதுங்குகிறது. புல் போனால் இறால் குஞ்சும் போய்விடுமோ என்று பயம். வேறு இடத்திலிருந்து பிடுங்கி வந்து நடலாமா?

பதில்: இப்போது நட வேண்டாம். முதலில் மண்ணுக்குள் பாருங்கள்.

கடற்புல் பாசி அல்ல. வேர், பூ, விதை எல்லாம் உள்ள செடி. நகத்தளவு இலை விடும் ஹாலோஃபிலா வகைக்கு இலை போனால் பெரிய நஷ்டமில்லை, உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. ஒரு கை மண்ணோடு அள்ளி அலசுங்கள். தண்டு வெளுப்பாக, கிள்ளினால் மடக்கென்று ஒடிந்தால் உயிர் இருக்கிறது. கறுத்துக் குழைந்து அழுகின முட்டை வாடை அடித்தால் அது செத்துவிட்டது.

கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. உங்கள் ஏரியில் கோடையில் இது 50-ஐயும் தாண்டும். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் பெருகி வந்தால் சில இடங்களில் நல்ல தண்ணீர் போலாகிவிடும். அப்போது செடியின் செல்லுக்குள் தண்ணீர் புகுந்து செல் வீங்கும். உள்ளிருக்கும் உப்பை வெளியே தள்ளித்தான் செடி சமாளிக்கும். கோடையில் தலைகீழ்: உள்ளே சர்க்கரையும் புரோலின் என்கிற அமினோ அமிலமும் சேர்த்துத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உப்பின் அளவு சில நாட்களில் மெல்ல மாறினால் தாங்கும், ஒரே ராத்திரியில் மாறினால் அடி வாங்கும்.

இப்படிச் சமாளிக்கத் தெம்பு வேண்டும், அதற்குச் செடிக்கு வெயில் வேண்டும். வெள்ளத்தோடு வரும் கலங்கல் அதையே மறைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் 1992-இல் புயலும் வெள்ளமும் வந்தபின் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்ததற்கு இந்தக் கலங்கல் முக்கியக் காரணம். அதனால் உப்பை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பு அளக்கும் சலினிட்டி மீட்டர் இருக்கும், கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். மேல்தண்ணீரை அளந்தால் ஏமாந்துபோவீர்கள், நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். மூடிய பாட்டிலை அடிவரை அமிழ்த்தி, புல்லருகே திறந்து நிரப்பி, அங்கேயே மூடி எடுங்கள். வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்ட வருஷம் தனியாகத் தெரியும்.

மாசி, பங்குனி வரை அந்த இடத்தில் வலையை இழுக்காதீர்கள். தண்டும் மண்ணில் கிடக்கும் விதையும் தாமாகவே துளிர்க்கும். அப்படியும் வராவிட்டால் நடுவதை யோசிக்கலாம். ஆனால் கடலோரத்துப் புல் வேண்டாம். இதே ஏரியில், இதே அளவு உப்புள்ள இடத்திலிருந்து கொஞ்சமாக எடுங்கள். ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.