வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் கார் வேலை பார்ப்பவன் நான். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் போலவே, பூட்டி நிற்கும் வண்டிகளும் நிறைய. வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அண்ணே, கல்யாணத்துக்குப் பள்ளத்தூர் வந்தோம். மூன்று மாதம் நின்ற கார். சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று வேகமாக அடிக்கிறது, இன்ஜின் சுற்றவில்லை.

பேட்டரி இறங்கிவிட்டது தம்பி. வண்டி சும்மா நின்றாலும் அலாரமும் கடிகாரமும் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேட்டரியில் வோல்ட் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. புதுசு வாங்க ஓடாதீர்கள். முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து இறுக்குங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்வதானால், அதாவது ஜம்ப் செய்வதானால், சிவப்பு ஒயரை உங்கள் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை அவர்கள் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அப்புறம் கறுப்பை அவர்கள் மைனஸில் மாட்டி, மறுமுனையை உங்கள் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். பேட்டரி மேல் வேண்டாம். பொறி பறந்தால் ஆபத்து. ஸ்டார்ட் ஆனதும் பிள்ளையார்பட்டி வரை போய் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ராத்திரி முழுக்க சார்ஜரில் போடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து கேட்கிறேன் தம்பி. ஒரே ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான். லைட் நன்றாக எரிகிறது.

ஆச்சி, சாவியைத் திருப்பும்போது யாரையாவது ஹெட்லைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். லைட் மங்காவிட்டால் கோளாறு இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்டர் மோட்டாரில், அல்லது அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான சாலினாய்டில். அப்படியே அணைந்துபோனால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர். எதுவானாலும் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள்.

கானாடுகாத்தான். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறது.

அப்படியானால் பேட்டரியை விட்டுவிடலாம். சாவியை ஆன் நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பியூஸ், ரிலே. ஓடினால், டாஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் வண்டி அந்தச் சாவியை அடையாளம் காணவில்லை, இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எலி. நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. போன மாதம் வளவு ஓரக் கொட்டகையில் நின்ற ஒரு வண்டியில் பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் மேல் தேங்காய் நாரும் கிழிந்த துணியுமாக ஒரு கூடு. பக்கத்தில் இன்ஜெக்டர் ஒயர் தோல் உரிந்து, செம்பு மின்னிக்கொண்டிருந்தது. அதில் டேப் சுற்றி ஒட்டியதும் ஒரே சுற்றில் பிடித்தது. பாவம், அதற்குள் அவர்கள் பம்ப் மாற்றச் செலவு செய்துவிட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி. சத்தமே இல்லை.

கியர் பி-யில் (பார்க்) இருக்கிறதா, பிரேக்கை அழுத்தியிருக்கிறீர்களா? இரண்டும் சரியென்றால்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள்.

அப்பச்சி வைத்திருந்த பெட்ரோல் அம்பாசடர் அண்ணே. மதியம் நிறுத்தினால் பிடிக்காது, சாயங்காலம் தானாக எடுக்கிறது.

வேப்பர் லாக். சித்திரை வெயிலில் இன்ஜின் சூடு ஏறி, பம்பில் பெட்ரோல் ஆவியாகிறது. ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் கால் மணி நேரம் பொறுங்கள். எக்ஸாஸ்ட்டை ஒட்டி பெட்ரோல் பைப் போகிறதா என்றும் பாருங்கள். விலக்கிக் கட்டினாலே பாதித் தொல்லை தீரும். நல்ல வண்டி, விற்றுவிடாதீர்கள்.