பெண்களுக்கு ஏன் அடிக்கடி சலக்கடுப்பு வருகிறது? ஆண், பெண் உடலமைப்பில் அப்படி என்ன வித்தியாசம்?

துப்பரவு போதாததால்தான் வருகிறது என்று உங்கள் மாமி சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சலக்கடுப்பு, அதாவது சலம் போகும்போது வருகிற எரிவு, பெரும்பாலும் சலம் வரும் வழியில் கிருமி ஏறுவதால் வருவது. நான் கொழும்பில் தாதியாக வேலை செய்கிறேன். பெண்கள் வாட்டிலும் இருந்திருக்கிறேன், ஆண்கள் வாட்டிலும் இருந்திருக்கிறேன். சலக்கடுப்போடு வருகிற பெண்கள் பலர் முதலில் சொல்வது, "மிஸ், நான் நல்ல துப்பரவாத்தான் இருக்கிறனான்" என்பதைத்தான். நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தக் கூச்சம் யாருக்கும் வேண்டாம் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிறுநீரகங்கள் இரண்டும் வயிற்றின் பின்பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முள்ளந்தண்டின் இரு பக்கமும் இருக்கின்றன. வலப்பக்கம் மேலே ஈரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்று இறங்கியிருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ 10 லட்சம் சிறுநீரகத்திகள், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள். நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு வடிகட்டி, அதில் மிகப் பெரும்பங்கை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவைத்தான் சலமாக வெளியே விடுகின்றன. கொழும்பு வெக்கையில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காவிட்டால் அது இன்னும் குறையும்.

அங்கிருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு சிறுநீர்க்கான்கள் சலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுவந்து சிறுநீர்ப்பையில் விடுகின்றன. அவை பையின் சுவருக்குள் சரிவாக நுழைகின்றன. பை நிரம்ப நிரம்ப, சுவரே அந்த வாயை அழுத்தி மூடிவிடும். சலம் மேலே திரும்பிப் போகாது. தனியாக ஒரு கதவு இல்லாமலே கதவின் வேலை நடக்கிறது. எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

இதுவரைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு சிறுநீர்ப்பையின் அக்கம்பக்கத்திலும், அதற்குக் கீழே உள்ள சிறுநீர்வழியிலும்தான் இருக்கிறது.

பெண்ணின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். ஆணுடையது ஏறத்தாழ 20. சலம் போகக் குழாய் போடும்போது இது கண்ணெதிரே தெரியும். பெண்களுக்கென்று வருகிற குழாய், ஆண்களுக்கான 40 சென்ரிமீற்றர் குழாயில் ஏறத்தாழப் பாதிதான். பெண்ணுக்குச் சில சென்ரிமீற்றர் உள்ளே போனதும் சலம் வந்துவிடும். ஆணுக்கு அப்படியில்லை. வழியில் வளைவு இருப்பதால் ஆணுறுப்பை மேல்நோக்கிப் பிடித்து நேராக்கி, மெதுவாக, நீண்ட தூரம் செலுத்த வேண்டும்.

கிருமிக்கும் அதே தூரம்தான். சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி, எல்லோருடைய குடலிலும் வழமையாக வாழ்கிற ஒன்று. பெண்ணுக்கு மலவாசலும் யோனித் துவாரமும் சிறுநீர்த் துவாரமும் பக்கத்தில் பக்கத்தில். எவ்வளவு கழுவினாலும் அந்த இடைவெளி கூடப்போவதில்லை. தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படலாம் என்பதால், முடிந்ததும் சலம் கழித்துவிடுவது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைந்து அந்தப் பகுதியின் தோல் மெலிவதால் அம்மாமாருக்கும் இந்தத் தொல்லை திரும்ப வரும். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

ஆணின் சிறுநீர்வழி நீளமாக இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் அது தொடங்கும் இடத்தில் புரொஸ்டேட் சுரப்பி அதைச் சுற்றி இருக்கிறது. 50 வயதுக்குப் பிறகு பலருக்கு அது வீங்கி வழியை நெருக்கும். சலம் தொடங்கத் தாமதிக்கும், மெல்லிசாகப் போகும், இரவில் பல தரம் எழும்ப வேண்டியிருக்கும். முழுதாக வெளியேறாமல் தேங்கிய சலத்தில் கிருமி பெருகும். ஐயாமார் இதை வெளியே சொல்லாமல், சலம் அடைத்துத் துடிக்கிற நிலையில்தான் வந்து சேர்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளவத்தையில் யாழ்ப்பாண இரவு பஸ் ஏறுகிற பெண்பிள்ளைகள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் நல்ல மலகூடம் கிடைக்காது என்ற பயம். கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பிள்ளைகளும் அப்படித்தான். சிறுநீர்ப்பை 400 முதல் 600 மில்லிலீற்றர் வரை தாங்கும், அது உண்மை. ஆனால் உள்ளே ஏறிய கிருமியை வெளியே அடித்துக்கொண்டு போவது சலம்தான். தண்ணீரைக் குறைத்து, அடக்கியும் வைத்தால் அந்த வழியையும் நாமே அடைக்கிறோம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. துப்பரவான மலகூடம் கேட்பது அவர்களுடைய உரிமை.

எரிவு தொடங்கினால் பாமசியில் சொல்லி இரண்டு குளிசை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க நோ, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் ஆண்களும் எரிவு மட்டும் என்றாலும் காட்ட வேண்டும். பரிசோதனைக்குச் சலம் எடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். கல்ச்சர் (சலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொன்னால் அன்ரிபயோட்டிக் தொடங்க முன்னரே கொடுங்கள். தொடங்கிய பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியாமல் போய்விடலாம்.