லைவ் லினக்ஸ் முழுவதும் ராமில் இயங்கும்போதும் சுருக்க முறை வேகத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். கணினியில் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே இயங்கும் லைவ் லினக்ஸை, ராமுக்கு நகலெடுக்கச் சொல்லும் டுராம் (toram) தெரிவுடன் துவக்கும்போது ராமுக்கு நகலெடுக்கப்படுவது விரித்த கோப்புகள் அல்ல, அவற்றைச் சுருக்கி ஒரே கோப்பாக அடைத்த ஸ்குவாஷ்எஃப்எஸ் (SquashFS) பிம்பமே என்பதால், எந்த நிரலை முதன்முறை திறந்தாலும் அதற்குத் தேவையான பகுதிகளைச் சிபியு விரித்தாக வேண்டும். யுஎஸ்பியிலிருந்து படிக்கும்போது பெரும்பாலும் அந்தச் சாதனத்தின் மந்தமே தடை. ராமில் அது நீங்கிவிடுவதால், விரிக்கும் வேகமே எல்லையாகிறது.

ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறைமை இயல்பாக 128 கேபி தொகுதிகளாகச் சுருக்குகிறது. 4 கேபி மட்டும் தேவைப்பட்டாலும் தொகுதி முழுவதையும் விரிக்க நேரிடும். தொகுதி அளவை 1 எம்பி வரை உயர்த்தினால் பிம்பம் சிறுக்கலாம், ஆனால் சிதறிய சிறு வாசிப்புகள் மந்தமாகும். விரித்த பக்கங்கள், படித்த தரவை ராமில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் தங்குவதால் அதே நிரல் இரண்டாம் முறை விரைவாகத் திறக்கும்; அதற்கு ஈடாக, ஒரே தரவு சுருங்கிய வடிவிலும் விரிந்த வடிவிலும் ராமில் இடம்பிடிக்கிறது. ராம் நெருக்கடியில் லினக்ஸின் மையமான கெர்னல் விரிந்த நகலைக் கைவிடும், பிறகு மீண்டும் விரிக்கும். குறைந்த ராமில் டுராம் ஏமாற்றமளிப்பதற்கு இதுவும் காரணம்.

சுருக்க முறைகளில் எக்ஸ்இசட் (xz) பிம்பத்தை நன்கு சிறிதாக்கும், விரிப்பதில் மெதுவானது. பதிவிறக்க அளவைப் பார்ப்பவர்களுக்கே அது ஏற்றது. எல்இசட்4 (lz4) மிக வேகமானது, பிம்பமோ பெரிது. என் தேர்வு, லினக்ஸ் 4.14 முதல் ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆதரிக்கும் இசட்ஸ்டாண்டர்டு (zstd): சுருக்க நிலையை உயர்த்தினாலும் அதன் விரிக்கும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.