இரவில் கேட்ட பாடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். சென்ற மாதம் ஓர் இரவில், பலமுறை கேட்டுப் பழகிய ஒரு பாடலுக்குத் தேம்பி அழுதேன். மறுநாள் காலை அதையே என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். எனக்குமே அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இரவில் நான் அடைந்தது உண்மையா, தூக்கம் கெட்ட மனத்தின் மிகையா? இப்போதெல்லாம் அந்தப் பாடலைத் தினமும் இரவில் கேட்டுப் பார்க்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

'மிகை' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நீங்கள் இரவில் கேட்டதையும் காலையில் கேட்டதையும் ஒரே பாடலென்று கொள்வதே சரியல்ல என்று நினைக்கிறேன். சுற்றிலும் அமைதி இருப்பதால் இரவில் குறைந்த ஒலியே போதுமானதாகிறது. ஒலியின் அளவு குறையும்போது நம் செவிக்குத் தாழ்ந்த சுருதியில் உள்ள ஒலிகளே முதலில் மங்குகின்றன என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டினார்கள். தாளத்தின் அதிர்வு பின்வாங்க, பாடுபவரின் குரல் முன்னால் வந்து நிற்கிறது. அடுத்த அடிக்கு முன் அவர் இழுக்கும் மூச்சும், ஒரு சொல்லின் கடைசி எழுத்து உதட்டில் அடங்கும் விதமும், பகலின் ஓசைகளில் மூழ்கிவிடுபவை, அப்போது கேட்கின்றன.

ஆயினும் செவியைப் பற்றிய இந்த விளக்கம் பாதி தூரமே வரும். பகலில் நாம் யாரேனும் கூப்பிட்டால் எழுந்து போக ஆயத்தமாகவே எதையும் கேட்கிறோம். கண்ணில் நீர் வந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்பதும் உள்ளூர நமக்குத் தெரியும். எல்லோரும் உறங்கிய வீட்டில் அந்த ஆயத்தம் தளர்கிறது.

என் தந்தை மறைந்தபோது நான் அழவில்லை. செய்யவேண்டிய காரியங்கள் இருந்தன, வந்தவர்களைத் தேற்றவேண்டியிருந்தது. நான்கு மாதங்கள் கழித்து, இரவு இரண்டு மணியளவில், நீலாம்பரி ராக ஆலாபனை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். (தேவாரப் பண்களைப் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என வகுத்த மரபு மேகராகக்குறிஞ்சியை இரவுக்கு உரியதாக வைத்தது, இன்றைய நீலாம்பரி அதுவே என்பர்.) பாடகர் மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நின்று, கீழே இறங்கும் முன் சற்றே நிறுத்தி மூச்சு வாங்கினார். கடைசி நாட்களில் என் தந்தை ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன் அப்படித்தான் மூச்சு வாங்குவார். அந்த ஓசையைக் கேட்ட பிறகு ஆலாபனையின் மீதி எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. நான்கு மாதங்களாக என்னுள் நின்றபடியே காத்திருந்த ஒன்று அன்றுதான் உட்கார்ந்தது. அந்த அழுகையை இன்றுவரை நான் ஐயப்பட்டதில்லை; நீங்களும் உங்களுடையதை ஐயப்படவேண்டாம்.

ஆனால் நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரி எனக்குக் கவலை தருகிறது. நானும் அதன் பிறகு பல வாரங்கள் அதே ஒலிப்பதிவை, அதே நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். மூச்சு வாங்கும் இடம் நெருங்கும்போதே உடல் சிலிர்க்கும். அந்த இடம் வந்ததும் வெறுமையாக இருக்கும். மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமின்றி, அதை எதிர்பார்க்கும் சில நொடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். எதிர்பார்ப்புக்கே அவ்வளவு இன்பம் உண்டு. நான் பாடகரைக் கேட்பதை விட்டுவிட்டு, அழப்போகும் என்னையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. அந்த ஒலிப்பதிவை ஓராண்டு எடுத்து வைத்துவிட்டேன். மீண்டும் கேட்டபோது தந்தையின் நினைவு வந்தது, அழுகை வரவில்லை, நான் அதுவரை கவனித்திராத வயலினின் பின்தொடரல் முழுவதும் கேட்டது. நீங்களும் சில மாதங்கள் உங்கள் பாடலை விட்டுவையுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி: ஒரு நாளின் வேலைகள் வரிசையாக நிற்கும் வேளையில், உங்கள் முகம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவரால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அவர் தூக்கம் வராமல் விழித்திருக்கும் ஓர் இரவு வரும். அப்போது அழுததைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஹெட்ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டு, பாடல் முடியும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள்.

அன்புடன்.