கால் மசாஜ், வலி ஸ்கோர்: கன்ட்ரோல் குழு ஏன் வேண்டும்?

வணக்கம் சிஸ்டர். சிசேரியன் ஆன 60 தாய்மார்களுக்குக் கால் மசாஜ் கொடுத்து, முதல் நாளும் மூன்றாம் நாளும் வலி ஸ்கோர் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைப்பில் குவாசி எக்ஸ்பெரிமெண்டல் (ஒப்பிட இன்னொரு குழு இருக்கும், ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு) என்று போட்டிருக்கிறீர்கள். "இது குவாசி எக்ஸ்பெரிமெண்டலே இல்லை" என்று உங்கள் ஆய்வு வழிகாட்டி (கைடு) திருப்பி அனுப்பியது நியாயம்தான். ஒரே குழுவை முன்னும் பின்னும் அளப்பது, ஒப்பிட வேறு குழு இல்லாததால், ப்ரீ எக்ஸ்பெரிமெண்டல் வகை. முதல் நாள் புரண்டு படுக்கவே முனகிய அம்மா, மூன்றாம் நாள் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு தானே பாத்ரூம் போய் வருவார். மசாஜே இல்லாவிட்டாலும் வலி ஸ்கோர் 7 என்பது 3 ஆகிவிடலாம். அதை உங்கள் மசாஜின் பலன் என்று எப்படிச் சொல்வீர்கள்?

30 பேரை வழக்கமான கவனிப்பு மட்டும் பெறும் கன்ட்ரோல் குழுவாக வையுங்கள். ஆனால் இரண்டு குழுவையும் ஒரே நேரத்தில் ஒரே வார்டில் வைக்காதீர்கள். என் ஆய்வில் நான் அப்படிச் செய்தேன். பக்கத்துக் கட்டில் மாமியார் நான் செய்ததைப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் குழுவில் இருந்த மருமகளுக்குக் கால் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டார்! அந்த டேட்டாவைப் பயன்படுத்தவே முடியவில்லை. அதனால் முதலில் கன்ட்ரோல் குழுவை முழுக்க முடித்து, அவர்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு மசாஜ் குழுவைத் தொடங்குங்கள். குலுக்கல் முறையில் பிரிக்காததால் இது குவாசி எக்ஸ்பெரிமெண்டல்தான், தலைப்பை மாற்ற வேண்டாம்.

அப்புறம், கடைசியாக வலி ஊசி போட்ட நேரத்தை ஒவ்வொருவருக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த ஸ்கோரையும் ஆறு மணி நேரம் கழித்து எடுத்ததையும் ஒப்பிட முடியாது. ஒரே குழுவின் முன், பின் ஸ்கோரை ஒப்பிடும் பேர்டு டி டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனையோடு நிறுத்தாமல், இரண்டு குழுக்களையும் ஒப்பிட அன்பேர்டு டி டெஸ்டும் போடுங்கள்.