அம்மா கையெழுத்த நீ எப்படிப்பா போட்ட?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கம், வயசு 27, பேக்டரில ஷிப்ட் வேலை. போட்டோ எடுத்து ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக்னு போட்டோ விக்கிற சைட்ல போடறேன். ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன எங்கம்மா படங்கதான் நல்லா போகுது. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது, அதனால மாடல் ரிலீஸ்னு படத்துல இருக்கறவங்க சம்மதம் குடுக்கற பாரத்துல நானே அவங்க கையெழுத்த போட்டுட்டேன். வேலைய விட்டுட்டு முழுநேரமா இதையே பண்ணலாமா?

பதில்: வேலைய விடாத தம்பி. இதே கேள்வி எனக்கு நெறைய வருது, எல்லாருக்கும் இதே கணக்குதான் சொல்றேன். ஷட்டர்ஸ்டாக்ல ஒரு டவுன்லோடுக்கு அடிமட்டம் 10 அமெரிக்க சென்ட், உன் பங்கு 15 சதவீதத்துல ஆரம்பிக்கும், வருஷம் பூரா மேல ஏறினாலும் ஜனவரி 1 வந்தா மறுபடி 15தான். ஒரு டாலர் நாலு மலேசிய வெள்ளின்னு வச்சுக்க, அந்த ரேட்டுல குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளிய தொடவே மாசம் 4,250 டவுன்லோட் வேணும். அடோபில 33 சதவீதம், பரவால்ல, ஆனா அங்க 2022லேர்ந்து ஏஐ படமும் உன் படத்தோட போட்டிக்கு நிக்குது. முதலாளி போடற ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எதுவும் இதுல கெடையாது.

அத விடு. கையெழுத்துக்கு வா. ஏதோ போற போக்குல எழுதிட்ட, எனக்கு அதுக்கு மேல படிக்கவே ஓடல. உங்கம்மாவுக்கு புரியாதுன்னு யார் சொன்னா? விடியறதுக்குள்ள பேர் கூப்புடற பெரட்டுக்கு போயி, பட்டைய ஆழமா வெட்டுனா மரம் கெட்டுரும்னு கத்திய அளந்து புடிச்சு, ஸ்டோர்ல பால் நிறுக்கும்போது கிராணி எழுதுற எடைய பக்கத்துலயே நின்னு பாத்தவங்கப்பா அவங்க. அவங்களுக்கா ஒரு பக்க பாரம் புரியாது? உனக்கு உக்காந்து சொல்ல பொறுமை இல்ல, அதான் விஷயம்.

அந்த பாரம் என்னன்னு உனக்காவது தெரியுமா? அதுல கையெழுத்து போட்டா அந்த முகத்த விளம்பரத்துக்கு விக்கலாம். நாளைக்கு எங்கயோ ஒரு முதியோர் இல்லத்து விளம்பரத்துல உங்கம்மா முகம் வரும், தோட்டத்து சனம் யாராவது போன்ல பாத்துட்டு "என்னம்மா, மகன் உன்ன ஹோம்ல விட்டுட்டானா"ன்னு கேட்டா அவங்க என்ன பதில் சொல்லுவாங்க? படத்த நீ சைட்லேர்ந்து தூக்கிட்டாலும், ஏற்கனவே காசு குடுத்து வாங்குனவன்கிட்டேர்ந்து திரும்ப வராது. அடுத்தவங்க கையெழுத்த போடறது பொய்க் கையெழுத்து தம்பி, பெத்தவங்களோடதா இருந்தா இன்னும் மோசம். பெத்த தாய்கிட்ட கேக்காம அவங்க முகத்த விக்கிற உரிமை எந்த பிள்ளைக்கும் கெடையாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

இன்னைக்கே அந்த படங்கள எல்லாம் சைட்லேர்ந்து தூக்கிரு. அப்புறம் அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு படமா காட்டு, பாரத்துல இருக்கறத தமிழ்ல படிச்சு சொல்லு, இதுவரைக்கும் அந்த படங்கள்ல எவ்வளவு வந்துச்சுன்னும் மறைக்காம சொல்லி அந்த காச அவங்க கைல குடு. சம்மதம்னா அவங்களே கையெழுத்து போடட்டும், சாட்சிக்கு வேற ஆள வை. வேணாம்னா விட்டுரு, ஏன்னு கேட்டு நச்சரிக்காத. முகம் தெரியாம செம்பனை காடு, ஒட்டுப்பால் காயிற கோப்பை, பழைய லயத்து வீட்டு வாசல்னு எடுக்க உன்ன சுத்தி எவ்வளவோ கெடக்கு, ஷிப்ட் இல்லாத நாள்ல அத எடு.