பாழடைந்த வீட்டுக்குள் நுழையும் முன் அண்ணாந்து பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் இருவரோடு பைக்கில் ஆரணி ரோடு, குடியாத்தம் ரோடு, ஒடுகத்தூர்ப் பக்கம் என்று சுற்றுவோம். பாழடைந்த வீடு கண்ணில் பட்டால் இறங்கிப் படம் எடுப்போம், இதுவரை வெளியே நின்றுதான். இப்போது மூன்று வீடுகளுக்குள் போய்ப் பார்க்க ஆசை. ஒன்று, மாடியில் அரசமரம் முளைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. இரண்டாவது, பாதி ஓடு சரிந்த மண்சுவர் வீடு. மூன்றாவது, ஊர்க்கோடியில் காலியாகக் கிடக்கும் தொகுப்பு வீடு. கூரை தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போலீஸ் பிரச்சினை வருமா? நண்பன் ஒருவன் ஒரு திண்ணையில் கிடந்த பித்தளைப் பூட்டை எடுத்து வந்துவிட்டான். அது தப்பா?

பதில்: பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் முதலில் ஒரு கதை. குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில், வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்க, மாடித் தளத்தில் நடந்துகொண்டிருந்தேன். தளம் பாறை மாதிரி இருந்தது. நாலு எட்டு வைத்திருப்பேன், வலது கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. கீழே கூடத்தில் காரை கொட்டுகிற சத்தம். மெதுவாகப் படுத்து, உடம்பின் பாரத்தைப் பரப்பி, ஊர்ந்து ஓரத்துக்கு வந்தேன். தொழில் தெரிந்தவனுக்கே இந்தக் கதி.

ஏன் அப்படி ஆனது என்று சொன்னால் உங்கள் முதல் வீடு புரியும். மெட்ராஸ் டெரஸ் என்பது மரத்தின் மேல் நிற்கும் செங்கல். தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், சட்டங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் வைத்துச் சுண்ணாம்புக் காரையில் பிடித்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியிருப்பார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இப்படி இறுகிப்போன தளம், கீழே இரண்டு சட்டம் உளுத்துப்போனாலும் உடனே விழாது. பழக்கத்தில் நிற்கும். உங்கள் கால் படுகிற வரைக்கும் நிற்கும்.

சட்டம் பெரும்பாலும் நடுவில் உளுக்காது. அதன் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது பாருங்கள், அங்கேதான் உளுக்கும். கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் அங்கே தேங்கும், காற்றும் படாது. அறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரம் ஜம்மென்று தெரியும். அதை நம்பாதீர்கள்.

அதனால் வாசற்படியிலேயே நில்லுங்கள். டார்ச்சைச் சட்டம் சுவரில் நுழையும் இடத்துக்கு அடியுங்கள். காப்பி கொட்டினாற்போல் கறை இருக்கிறதா, கறையான் மண் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு தரை. விழுந்து கிடக்கும் செங்கல் துண்டுகளின் உடைந்த பக்கம் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் அது சமீபத்தில் விழுந்தது. தூசி படிந்து, எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருந்தால் பழையது. புதுச் சிவப்பு கண்ணில் பட்டால் அந்த அறைக்குள் காலே வைக்காதீர்கள். கைக்கெட்டும் கதவு நிலையை ஒரு குச்சியால் தட்டியும் பார்க்கலாம். நல்ல தேக்கு டங்கென்று சொல்லும். கறையான் தின்றது முரசு மாதிரி பொத்தென்று கேட்கும். நிலையே அப்படி என்றால் மேலே இருக்கும் சட்டத்தின் கதையைக் கேட்க வேண்டாம்.

அரசமரம் முளைத்துவிட்டது என்கிறீர்கள். அதன் வேர் சுண்ணாம்பு இணைப்புகளுக்குள் புகுந்து கைப்பிடிச் சுவரைப் பிளந்திருக்கும், சில இடத்தில் பிளந்த சுவரை அதுவேதான் பிடித்துக்கொண்டும் இருக்கும். செடிதானே என்று பிடுங்கிவிடாதீர்கள். மாடி ஏறும் பேச்சே வேண்டாம். கூடத்தை வாசலில் நின்று எடுங்கள். காலை ஏழரை மணிக்குக் கிழக்குப் பார்த்த வாசல் என்றால் வெளிச்சம் தானாகவே உள்ளே போய்விடும்.

ஓட்டு வீட்டில் பயம் ஓட்டைவிடச் சுவரில்தான். ஓடு சரிந்த இடத்தில் மண்சுவரின் தலை மழைக்குத் திறந்துவிடும், அடியில் கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அரித்திருக்கும். மழை பெய்யும்போது விழாத சுவர், ஊறிக் கனத்து, விட்ட பிறகு இரண்டாம் நாள் விழும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த மாதிரி வீட்டுப் பக்கம் போகவே வேண்டாம். மற்ற நாளிலும் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள்.

தொகுப்பு வீட்டுக்குள் போகவே போகாதீர்கள். பார்க்கப் புதுசாகத் தெரியும், ஆனால் மூன்றில் எனக்கு அதிகப் பயம் அதில்தான். கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் ஊதி, கான்கிரீட்டை அடியிலிருந்து தள்ளும். பாளம் பாளமாகத் தலையில் விழும். மரம் விழுமுன் ஒரு முனகலாவது கொடுக்கும், கான்கிரீட் பாளம் அதுகூடக் கொடுக்காது. திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கருங்கல் பலகைக் கூரைகளையும் பார்ப்பீர்கள். பலகையின் நடுவில் குறுக்கே ஒரு விரிசல் தெரிந்தால் அதன் கீழே நடக்கக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், படத்துக்கு அழகாக இருக்கும். அங்கே தொட்டிகள் உண்டு, மேலே புல் மூடியிருக்கும். பழைய சேறு கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதியாகும் நேரத்தில்தான் ஆள் விழுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 2015 ஜனவரியில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே அப்படி. மூடிய இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து புதர். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. புறக்கடையில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அடர்ந்திருந்தால் முன்னே ஒரு கழி ஊன்றித்தான் நடக்க வேண்டும். ஓட்டுக் குவியலில் கை விடாதீர்கள். கண்ணாடி விரியனாவது குக்கர் மாதிரிச் சீறி எச்சரிக்கும். கட்டுவிரியன் கடித்தது பல பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108 கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நீங்கள் சொல்லும் ஆரணி ரோட்டிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூரை மூலையில் கதண்டுக் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

பாம்புக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் உண்ணிக் காய்ச்சலுக்குப் பயப்படுவதில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். வேலூர் வட்டாரத்தில் இது சர்வசாதாரணம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் பல வருஷமாக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மழைக்குப் பிறகு வரும் குளிர் மாதங்களில் அதிகம். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே கேட்கும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். அதனால் முழுக்கை, முழுக்கால் சட்டை, ஷூ. வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, புதரில் சுற்றினேன் என்று சொல்லுங்கள்.

சரி, போலீஸ். ஆள் இல்லாத வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று ஆகிவிடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவில் அத்துமீறி நுழைவதற்கு 3 மாதம் வரை, வீட்டுக்குள் நுழைவதற்கு ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குற்றம் செய்யவோ, மிரட்டவோ, தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். படம் எடுக்கத்தான் போனோம் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அதை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாதாட வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம், ஊர் என்ன நினைக்கும் என்பது. பையும் டார்ச்சும் வைத்துக்கொண்டு பாழ் வீட்டைச் சுற்றும் மூன்று பையன்கள் என்றால் ஊர்க்காரர்களுக்கு இரண்டே எண்ணம்தான் வரும். ஒன்று தேக்குக் கதவு திருட வந்தவர்கள், இல்லை புதையல் தோண்ட வந்தவர்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு. நிறைய வீடுகள் பாழாகக் கிடப்பதே பாகப்பிரிவினை வழக்கால்தான். அண்ணன் தரப்பு, நீங்கள் தம்பி அனுப்பிய ஆள் என்று நினைக்கும். தம்பி தரப்பு அதையே திருப்பி நினைக்கும்.

அதனால் வண்டியை மறைவாக நிறுத்தாதீர்கள். எதிர்த்திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "இன்னாப்பா, யார் ஊட்ட பாக்குறீங்க?" என்று அவரே ஆரம்பிப்பார். யார் வீடு, ஏன் காலியானது, மகன் பெங்களூரில் எங்கே இருக்கிறான், எந்த அறை போன மழையில் விழுந்தது, எல்லாம் பத்து நிமிஷத்தில் கிடைக்கும். நான் பார்த்த எந்தக் கட்டட அறிக்கையும் அவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. சொந்தக்காரர் நம்பர் கிடைத்தால் போன் செய்து கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். பாட்டி இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். சர்வே எண் தெரிந்தால் பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஆரணிக்கு அருகே பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகீர்தார்களின் பாழடைந்த மாளிகை ஒன்று இருக்கிறது. அங்கே போக ஆசை இருந்தால், சுற்றுப்புறம் காடு என்பதால் முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பூட்டு. ஆமாம், தப்புதான். திண்ணையில் துருவேறிக் கிடந்தாலும் அது இன்னொருவர் பொருள். அனுமதி இல்லாமல் எடுத்தால் திருட்டு. மண்ணில் புதைந்து கிடைக்கும் காசு, நகையானாலும் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. 10 ரூபாய் என்பதை இன்னும் மாற்றாமலே வைத்திருக்கிறார்கள், சிரிப்பாக இருக்கும், ஆனால் சட்டம் சட்டம்தான்.

வருகிற ஞாயிறு அந்த நண்பரையே முன்னால் விட்டுப் போங்கள். எடுத்த திண்ணையில் சும்மா வைத்துவிட்டு வராதீர்கள், வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்து, சொந்தக்காரரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு திட்டு விழும். வாங்கிக்கொண்டு, அப்படியே வீட்டுக்காரர் போன் நம்பரையும் கேட்டுவிடுங்கள்.